அஸருக்குப் பிறகு துளசித் தண்ணீர்

இன்றைக்குத் துளசி இலையைக் கொதிக்க விட்டுவிட்டேன். தண்ணீரையும் இலையையும் ஒன்றாகவே ஏனத்தில் போட்டு அடுப்பில் வைத்துவிட்டு, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தவன் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். முழித்துப் பார்த்தால் தண்ணீர் பாதிக்கு வற்றி, இலை கறுத்து, அடுக்களை முழுக்கக் கசந்த வாடை. உள்ளறையிலிருந்து கோமதி, "என்னங்க கருகுது?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றேன். நீர் பக்கத்தில் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டீர். "தீய அணைச்சிட்டு இலையப் போடும்னு எத்தனை தடவ வே சொல்லுதேன். கொதிச்சுதுன்னா அது கசாயம். பைய மூடி வச்சாத்தான் தண்ணி." அந்த வாடையோடேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நீர் போய் ஏழு மாதம் ஆகிறது. உம்மைப் பேர் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. நீரும் என்னைக் கூப்பிட்டதில்லை. ஆளுக்கு ஆள் 'வே' போட்டே மூன்று வருஷம் ஓடிவிட்டது. இப்போது மடலின் தலையில் என்ன போடுவது என்று தெரியாமல் வெறுமனே விட்டிருக்கிறேன்.

கோமதிக்குச் சிறுநீரகம் இரண்டும் சுருங்கிவிட்டது, இனி வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்தான் என்று டாக்டர் சொன்னபோது எனக்குத் தபால் ஆபீஸில் இன்னும் ஒன்றரை வருஷம் சர்வீஸ் இருந்தது. எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். செவ்வாய், வியாழன், சனி. அம்பாசமுத்திரத்தில் ஒன்பதரை மணி பஸ். வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை, உம்முடைய மேலப்பாளையம், அப்புறம் பாளையங்கோட்டை. பன்னிரண்டு மணிக்கு அவளை மெஷினில் போடுவார்கள். நாலு மணிக்கு எடுப்பார்கள். அந்த நாலு மணி நேரமும் கூட வந்தவர்கள் வெளியே இருக்க வேண்டும். ஒன்றோடு ஒன்று முடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், சத்தமில்லாத டிவி, ஓடும் ஒரே ஒரு ஃபேன்.

முதல் ஒரு மாதம் நான் யாரிடமும் பேசவில்லை. உம்மைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மூணே முக்காலுக்கு அஸர் பாங்கு கேட்டதும் மாடிப்படிக்குக் கீழே சின்னப் பாயை விரித்துத் தொழுவீர். எழுந்து பாயைச் சுருட்டிப் பைக்குள் வைப்பீர். பிறகு ஒரு ஃப்ளாஸ்க்கைத் திறந்து, ஜன்னலைப் பார்த்தபடி, அவசரமே இல்லாமல் ஒரு டம்ளர் குடிப்பீர். அந்த ஹாலில் அவசரமோ பயமோ இல்லாமல் ஒருவர் செய்த ஒரே காரியம் அதுதான் என்று எனக்குத் தோன்றும். ஒரு சனிக்கிழமை இரண்டாவது டம்ளரோடு நேரே என்னிடம் வந்தீர்.

"பிடியும். ஆறுறதுக்குள்ள குடிக்கணும்."

"டீயா?"

"டீ இல்ல. துளசித் தண்ணி. டீய நான் தொடுறதில்ல."

நாலைந்து துளசி இலை, கொஞ்சம் சுக்கு, உடன்குடிக் கருப்பட்டியில் ஒரு துண்டு. தொண்டையில் இறங்கியதும் தோள் இரண்டும் தானாகத் தளர்ந்தன. எங்கள் வீட்டில் வில்வம்தான் உண்டு, துளசி பெருமாள் கோயில் தீர்த்தத்தோடு சரி என்றேன். நீர் சிரித்தீர். "எங்க வீட்டுப் புறவாசல்ல அது பாட்டுக்கு முளைச்சு நிக்கி வே. பெருமாளுக்கு மட்டும்னு அதுல எழுதியா இருக்கு?"

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அதற்கு ஒரு சட்டமும் போட்டீர். "இந்த டம்ளர் முடியுற வரைக்கும் நோய்ப் பேச்சு கிடையாது. கிரியாட்டினின்னு வாயத் தெறந்தீரு, டம்ளரப் பிடுங்கிருவேன்." நாம் மழையைப் பேசினோம். பாபநாசம் அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று பேசினோம். உம் மகள் வீட்டில் வாங்கிய மிக்ஸி ரிப்பேர் ஆனதைப் பற்றி இரண்டு வாரம் பேசினோம். மெஷினுக்குப் போகாத நாட்களிலும் அதே நேரத்துக்கு வீட்டில் நானே போட்டுக் குடிக்க ஆரம்பித்தேன். போன் அடிக்கும். "குடிச்சாச்சா?" "குடிச்சாச்சு." வைத்துவிடுவீர். ஒரு நாளில் அந்த அரைமணி நேரம் மட்டும்தான் நான் யாருக்கும் எதையும் செய்யாமல் சும்மா இருந்த நேரம். மற்றதெல்லாம் மாத்திரை, எடை, அளவு, ஊசி, பஸ்.

ஒரு நாள் கேட்டேன், டீயை ஏன் தொடுவதில்லை என்று. நீர் சுற்றும் முற்றும் பார்த்தீர். உம்ம வீட்டுக்காரி பாத்திமா உள்ளே மெஷினில் இருந்தார். அப்படியும் குரலைத் தாழ்த்திக்கொண்டீர்.

"இருபத்திரெண்டு வருஷம் துபாய்ல நான் என்ன வேல பாத்தேன்னு நெனைக்கீரு?"

"ஸ்டோர் கீப்பர்னு சொன்னீரே."

"வீட்லயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கு. ஒரு ஆபீஸ்ல டீ போட்டுக் குடுத்தேன் வே. ஏழாவது மாடி. ஒரு நாளைக்கு எழுவது, எம்பது டீ. யாருக்கு சீனி வேணும், யாருக்கு வேண்டாம், எவனுக்குக் கடுப்பம் கூட வேணும், எல்லாம் மனப்பாடம். நிக்காஹ் பேசும்போது எங்க வாப்பா ஸ்டோர் கீப்பர்னு சொல்லிட்டாரு. நானும் மாத்திச் சொல்லல. லீவுல வரும்போதெல்லாம் இன்னிக்குச் சொல்லிருவோம், நாளைக்குச் சொல்லிருவோம்னு நெனைப்பேன். பிள்ளைக பெரிசாயிட்டு. அப்புறம் எங்க சொல்ல."

அதில் என்ன கேவலம் என்று கேட்டேன். "ஒமக்கு இல்ல. பொய்யச் சொல்லிட்டேன்லா, அதுதான்" என்றீர். இது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும் என்றும் சொன்னீர். நான் தலையாட்டினேன்.

கோமதிக்குத் தாகம்தான் பெரிய கஷ்டம். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து முக்கால் லிட்டருக்கு மேல் போகக்கூடாது. நான் எங்கே ஒளிந்து குடித்துவிட்டு வந்தாலும் என் மூச்சில் துளசி வாசம் தெரிந்துவிடும். "நல்லா இருந்துதா?" என்று கேட்பாள். கோபமாகக் கேட்டாலாவது பரவாயில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பாள். இதை உம்மிடம் சொன்னேன். அடுத்த தடவை வரும்போது நீர் வாய் அகன்ற ஃப்ளாஸ்க் ஒன்று கொண்டுவந்தீர். உள்ளே துளசித் தண்ணீரை உறையவைத்த சின்னச் சின்ன ஐஸ் கட்டிகள். கருப்பட்டி கிடையாது, சுக்கு கிடையாது, இலையும் இரண்டே இரண்டு. டாக்டரிடமும் சிஸ்டரிடமும் முதலிலேயே கேட்டுவைத்திருந்தீர். "ஒரு கட்டி ஒரு கரண்டித் தண்ணி. அன்னன்னைக்கு உள்ள அளவுல அதக் கழிச்சிரணும். நாக்குல வச்சுக்கிட்டா கால் மணி நேரம் தாகம் தெரியாது." உள்ளே அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருந்த இருவரும் ஆளுக்கு ஒரு கட்டியைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு சிரித்ததைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தோம். கோமதி அப்படிச் சிரித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு வந்த சித்திரையைத்தான் எழுதக் கை வரவில்லை.

உமக்குத் தெரியும், அந்தக் கோடை எப்படி இருந்தது என்று. சனிக்கிழமை மெஷின் முடிந்தால் அடுத்தது செவ்வாய். நடுவில் இரண்டு முழு நாள். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே கோமதி கேட்டுக்கொண்டிருந்தாள். கரண்ட் வேறு இல்லை, ஐஸ் கட்டியெல்லாம் உருகிவிட்டது. "அந்தத் துளசித் தண்ணியாவது குடுங்களேன். அது மருந்துதான?" என்றாள். அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். மருந்துதானே. மூலிகைதானே. அரை டம்ளர் கொடுத்தேன். இன்னொரு அரை. மத்தியானத்துக்கு மேல் நான் அளவு பார்ப்பதையே விட்டுவிட்டேன். அவள் முகத்தில் அந்த நிம்மதியைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. உண்மையைச் சொன்னால், 'வேண்டாம்' என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிருந்தது.

திங்கட்கிழமை காலையில் அவளால் படுக்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. கார் பிடித்துப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகும் வழியெல்லாம் அவள் மூச்சு விட்ட சத்தம் இருக்கிறதே, அதை விட்டுவிடுகிறேன். மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். பிழைத்தாள்.

நாலாம் நாள் ஹாலில் நீர் என்னைப் பிடித்தீர். பாத்திமாவை எடை பார்க்கும் மெஷினில் ஏற்றிவிட்டு, பத்துப் பேருக்கு நடுவில் என்னிடம் வந்தீர்.

"எத்தனை டம்ளர் குடுத்தீரு?"

நான் டிவிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எத்தனை டம்ளர்னு கேக்கேன். அறிவு இருக்கா வே உமக்கு? தண்ணி குடுத்து அவளக் கொல்லப் பாத்தீரா? கட்டின்னுதான நான் சொன்னேன்! நான் சொல்லிக்குடுத்த தண்ணியாலல்லா அவ போயிருப்பா!"

மூன்று நாளாக நான் தூங்கவில்லை. எல்லோரும் பார்த்தார்கள். இப்போது யோசித்தால் புரிகிறது. நீர் கோபப்படவில்லை, பயந்திருந்தீர். அன்று எனக்கு அது தெரியவில்லை.

"இருபத்திரெண்டு வருஷம் எவனுக்கோ டீ ஆத்திக் குடுத்த ஆளு, எனக்கு வைத்தியம் படிச்சுத் தாரீரோ?" என்றேன்.

ஹாலில் யாருக்கும் அது புரிந்திருக்காது. பாத்திமாவுக்குப் புரிந்தது. எடை மெஷினிலிருந்து இறங்காமல், அதன் கம்பியைப் பிடித்தபடி உம்மைப் பார்த்தார். நீர் அவரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. ஃப்ளாஸ்க்கை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய் ஹாலின் அந்தக் கோடியில் உட்கார்ந்தீர். அடுத்த வாரம் நீங்கள் காலை ஷிப்டுக்கு மாறிவிட்டீர்கள் என்று சிஸ்டர் சொன்னார்.

ஆறு மாதம் நாம் பார்த்துக்கொள்ளவில்லை. வாரம் மூன்று நாள், போகும்போதும் வரும்போதும், பஸ் மேலப்பாளையத்தில் நிற்கும். இறங்கி நாலு தெரு நடந்தால் உம் வீடு. கோமதியைப் பஸ்ஸில் வைத்துக்கொண்டு எப்படி இறங்க என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். போன் இருந்தது. அதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொள்வேன். மன்னிப்புக் கேட்கக்கூட உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும் போலிருக்கிறது. அந்த ஆறு மாதமும் மூணே முக்கால் மணிக்கு நான் துளசித் தண்ணீர் போட்டேன், குடித்தேன். ஆனால் முன்னே மாதிரி தோள் தளரவில்லை. ஒரு மாத்திரையைப் போட்டுக்கொள்வது மாதிரி முழுங்கினேன்.

ஐப்பசியில் ஆற்றில் வெள்ளம் ஏறி, பஸ்ஸெல்லாம் நின்றுபோன வாரம் உமக்கு நினைவிருக்கும். ஒரு காரைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம். பாதி சிஸ்டர்கள் வரவில்லை. மெஷின்கள் ஜெனரேட்டரில் ஓடின. ஷிப்டெல்லாம் ஒன்றாகி, ஆளுக்கு இரண்டரை மணி நேரம் என்று வைத்திருந்தார்கள். ஹாலில் நிற்க இடமில்லை. நனைந்த குடைகளுக்கு நடுவில், மாடிப்படிக்குக் கீழே நீர் தொழுதுகொண்டிருந்தீர். முடியட்டும் என்று நின்றேன். நீர் பாயைச் சுருட்டி எழுந்து, என்னைப் பார்த்து, ஃப்ளாஸ்க்கைத் திறந்தீர்.

"நான் அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"விடும் வே. குடியும்."

"இல்ல, பாத்திமா கேட்டுக்கிட்டு நிக்கும்போது..."

"கேட்டா. வீட்டுக்குப் போனதும் கேட்டா." நீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னீர். "என்ன கேட்டா தெரியுமா? பொய் சொன்னதப் பத்தி ஒரு வார்த்த இல்ல. 'இருபத்திரெண்டு வருஷம் ஊரான் வீட்டு ஆளுகளுக்கெல்லாம் டீ போட்டுக் குடுத்திருக்கீங்க. லீவுல வந்தா சட்டமா உக்காந்துக்கிட்டு, பாத்திமா டீ எங்க, பாத்திமா டீ எங்கன்னு என்னைய வெரட்டுனீங்களே, ஒரு நாளாவது எனக்கு ஒரு டம்ளர் போட்டுத் தரணும்னு தோணிச்சா'ன்னு கேட்டா வே. ரெண்டு நாள் எங்கிட்டப் பேசல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. தெனம் காலைல நான்தான் போடுதேன். அவ அளவுல அரை டம்ளர். முத நாள் குடிச்சிட்டு, சீனி கூடன்னு சொல்லுதா! எனக்கா சீனி தெரியாது?"

நீர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டீர். நானும் சிரித்தேன். அடுத்த வாரமே மதிய ஷிப்டுக்குத் திரும்பி வந்தீர்கள். நான் கேட்க நினைத்த மன்னிப்பு அந்தச் சிரிப்போடு போய்விட்டது. அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மாசி மாதம். ஒரு வியாழக்கிழமை. டம்ளர் பாதிகூடக் காலியாகவில்லை. "நெஞ்சுல என்னமோ பிடிச்ச மாதிரியே இருக்கு வே, மூணு நாளா. தோள்பட்டை வரைக்கும் இழுக்கு" என்றீர். நான் என்ன சொன்னேன் என்று உமக்கு நினைவிருக்கிறதா? "டம்ளர் முடியல, அதுக்குள்ள நோய்ப் பேச்சா? உம்ம சட்டம் உமக்குக் கிடையாதா?" என்றேன். நீர் சிரித்தீர். பிறகு நானே, "வாய்வா இருக்கும். சுக்கக் கூடப் போட்டுக் குடியும், சரியாயிரும்" என்றேன். "அப்படித்தான் இருக்கும்" என்றீர். ஆஸ்பத்திரிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். கீழ்த்தளத்தில் ஈசிஜி எடுக்கிற இடம். முப்பது படி இறங்கியிருந்தால் போதும். சனிக்கிழமை நீரும் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்கு உம் மகள் போன் செய்தாள். பாத்திமாவுக்கு ஊசி மருந்து வாங்க மருந்துக் கடைக்குப் போன இடத்தில், கூட்டமாக இருக்கிறது என்று வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறீர். கடைக்காரர் உம் சீட்டைக் கூப்பிட்டபோது நீர் எழுந்திருக்கவில்லை.

நான் வந்தேன். மையவாடியில் எல்லோரோடும் நானும் மூன்று கை மண் போட்டேன். பக்கத்தில் நின்ற உம் மருமகன் என் கையைப் பிடித்து, "மாமா ஒங்களப் பத்தித்தான் எப்பவும் பேசுவாரு" என்றான். என்ன பேசுவீர் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் செவ்வாய். உம்மை அடக்கம் செய்த மறுநாள் பாத்திமா மெஷினுக்கு வந்தார். வராமல் முடியுமா? நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இத்தா இருக்க வேண்டியவர், மகள் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மூடியபடி, எடை மெஷினில் ஏறி நின்றார். துக்கத்துக்கென்று ஒரு நாள்கூட அந்த உடம்பு அவருக்குக் கொடுக்கவில்லை.

அந்த நாலு மாதம் பத்து நாளும் அவர் எங்கள் யாரோடும் பேசவில்லை. நானும் போய் நிற்கவில்லை. கோமதி மட்டும் பக்கத்துக் கட்டிலிலிருந்து கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொள்வாள். ஊசி குத்தாத கை. வீட்டில் இரண்டு இலை போட்ட கட்டிகளை நான் உறையவைத்து எடுத்துவருவேன். கோமதிக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. சிஸ்டர்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மெஷின் முடிந்து, இருவரும் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். உம் மகள் ஆட்டோ பிடிக்கப் போயிருந்தாள். நான் போய் எதிரில் நின்றேன். உட்கார முடியவில்லை.

"தங்கச்சி, ஒரு விஷயம் சொல்லணும். அவரு எங்கிட்ட நெஞ்சு பிடிக்குதுன்னு சொன்னாரு. வியாழக்கிழம. நான்தான் வாய்வுன்னு சொல்லிட்டேன். சுக்குத் தண்ணி குடிக்கச் சொல்லிட்டேன். டாக்டரப் பாருமுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

பாத்திமா தன் கைப் பஞ்சை இன்னும் அழுத்திக்கொண்டார்.

"எங்கிட்டயும் சொன்னாங்க அண்ணாச்சி" என்றார். "வெள்ளிக்கிழம காலைல. எனக்கு மெஷின் போட்ட மறுநாள்லா, தலையத் தூக்க முடியல. வாய்வாத்தான் இருக்கும், ஓமத்தக் கொதிக்க வச்சுக் குடிங்கன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டேன். அவங்களே போய்ப் போட்டுக் குடிச்சாங்க."

நான் அவரைப் பார்த்தேன். ஆறு மாதமாக அவரும் இதை வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். மகளிடம்கூடச் சொல்லவில்லையாம்.

"நமக்கெல்லாம் அசதி அண்ணாச்சி" என்றார். "நோவுக்காரியப் பாக்கவே நேரம் பத்தல. நல்லாருக்க மனுசன ஆரு பாத்தா?"

கோமதி அவர் முழங்காலில் கையை வைத்தாள். ஆட்டோ வந்தது. உம் மகள் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். படியிறங்கும்போது அவர் திரும்பி, "நீங்க நெஞ்சு டெஸ்ட் எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "செவ்வாக்கிழம வரும்போது எடுத்த சீட்ட எனக்குக் காட்டணும்" என்றார்.

எடுத்தேன். காட்டினேன். அதில் ஒன்றுமில்லை. அவர் சீட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

உம்மைப் பற்றி என்னிடம் மிச்சமிருப்பது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். அன்று ஹாலில் நான் சொன்னது இருக்கிறது. வியாழக்கிழமை நான் சொன்னது இருக்கிறது. இரண்டும் என் குரலிலேயே இருக்கின்றன. உம்ம குரல் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வருகிறது, என் குரல்தான் மங்கமாட்டேன் என்கிறது. துளசித் தண்ணீர் குடித்தால் இது போய்விடும் என்று நீர் சொல்லியிருக்க மாட்டீர். மனசைக் கொஞ்சம் உட்கார வைக்கும், அவ்வளவுதான். அதற்கு மேல் அதனிடம் கேட்டபோதெல்லாம் தப்பு என்னுடையது. கோமதிக்கு அதை மருந்தாக்கினேன். உமக்கும் மருந்தாக்கினேன்.

ஆனால் இன்னொன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. யாராவது ஒன்றுமில்லை என்று சொன்னால் இப்போது என்னால் சும்மா விட முடிவதில்லை. இரண்டாவது தடவை கேட்டுவிடுகிறேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரைக் கேட்டு அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பால்காரரைக் கேட்டேன். ஹாலில் புதிதாக வருகிறவர்களைக் கேட்கிறேன். உள்ளே படுத்திருக்கிறவர்களை அல்ல, வெளியே உட்கார்ந்திருக்கிறவர்களை.

போன வியாழக்கிழமை திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. கோமதி ஜன்னலோரம் சாய்ந்திருந்தாள். எப்படி இருக்கு என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றாள். மறுபடியும் கேட்டேன். வெளியே வயலைப் பார்த்தபடி, "ரொம்ப அசதியா இருக்குங்க. சில நாள் போதும்னு தோணுது" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். நான் எதையும் சமாதானமாகச் சொல்லவில்லை. அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

பத்தமடை தாண்டியதும் அவள் திரும்பி, "உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"எனக்கும் அசதிதான்" என்றேன்.

"சரி, தூங்குங்க" என்றாள். என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். கண்டக்டர் எழுப்பும்வரை இரண்டு பேரும் தூங்கினோம்.